முதுகு வளைந்த மீன்குஞ்சுகள்

எங்கட வன்னியில் மீன் வளர்ப்பு என்றால் குளந்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் ‘நக்டா’ எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை குஞ்சு விடும். நன்னீர் மீன்பிடிச் சங்கத்தார் பிடிப்பார்கள். இடையில் யாரும் தீனி போடுவதில்லை. (‘தீன்’ என்று எழுதினால் நம்மவர்களுக்கு மார்க்கம் ஞாபகம் வரும், தீனி என்றே எழுதுகிறேன்.) இப்போது வளவுக்குள்ளேயே சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்க்கிறார்கள். விற்றமின் கதை தொடங்குவது அங்கேதான்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் உம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு தொட்டி கட்டினார். சில மாதங்களில், “சேர், குஞ்செல்லாம் முதுகு வளைஞ்சு போகுது. வித்தவன் ஏமாத்திப்போட்டான்” என்று வந்தார். என்ன தீனி என்று கேட்டேன். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும்.

முதுகு வளையப் பல காரணங்கள் உண்டு. பிறவிக் குறையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விற்றமின் சீ குறைபாட்டை. ஆடும் மாடும் இந்தச் சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனாலும் பெரும்பாலான மீன்களாலும் அது முடியாது. அதற்குரிய கடைசி நொதியம் நமக்கும் இல்லை, அவற்றுக்கும் இல்லை. எலும்பையும் தோலையும் இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் புரதம் உருவாக இது வேண்டும். பழைய கடலோடிகளுக்கு முரசு வீங்கி இரத்தம் கசிந்த ஸ்கேவி நோய் இந்தக் குறைபாடுதான். தோடம்பழமும் எலுமிச்சையும் அதைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747இல் கப்பலிலேயே சோதித்துக் காட்டினார். மீனுக்கு வந்தால் முள்ளந்தண்டு வளையும், செட்டையடியில் இரத்தம் கட்டும், காயம் ஆறாது. அமெரிக்காவின் கெளுத்திப் பண்ணைகளிலும் இதே கூனல் கண்டிருக்கிறார்கள். குஞ்சு வேகமாக வளர்வதால் குறை அதில்தான் முதலில் தெரியும்.

அப்படியானால் குளத்து மீன் ஏன் கூனவில்லை? பச்சைத் தண்ணீர்தான் காரணம். அதிலுள்ள பாசியும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் வேண்டிய சத்தைக் கொடுத்துவிடுகின்றன. சாணம் போட்டுப் பச்சை பிடித்த மண்குட்டையிலும் அப்படியே. தவிட்டில் விற்றமின் பீ வகைகள் நிறைய, சீ இல்லை. தேய்த்துக் கழுவிய சீமெந்துத் தொட்டியில் தவிட்டை மட்டும் போட்டால் குஞ்சுக்கு அது வருவதற்கு வழியே இல்லை.

கடைத் தீனி வாங்கினால் சரிதானே என்பார்கள். பாதி சரி. விற்றமின் சீ சூட்டிலும் காற்றிலும் அழியும், தண்ணீரில் கரையும். தகரக் கொட்டிலுக்குள் வாய் திறந்து கிடக்கும் மூடையில் சில வாரத்தில் எவ்வளவு மிஞ்சும்? பொஸ்பேற்றுடன் சேர்த்த விற்றமின் சீ கூடுதல் காலம் தாங்கும். பையில் அது எழுதியிருக்கிறதா என்றும் தயாரித்த திகதியையும் பாருங்கள். சிறிய பையாக வாங்கி நிழலில் இறுகக் கட்டி வையுங்கள்.

சிலர் பாமசி மாத்திரையை இடித்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அது காசைத் தண்ணீரில் கரைப்பது. கிலோ தீனிக்குச் சில பத்து மில்லிகிராமே தேவை. தூளைத் தீனியில் பிரட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் பூசி அன்றன்றே போட வேண்டும். மிஞ்சிய சீ கழிந்துவிடும். ஏ, டீ அப்படியல்ல, உடலில் தேங்கி நஞ்சாகும்; அவற்றைக் கண்ணளவில் போடாதீர்கள்.

வளைந்த குஞ்சு இனி நிமிராது. அவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றுக்குத் தீனியை மாற்றச் சொன்னேன். தொட்டியை அடிக்கடி தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னேன்.