களி கிண்ட ஒரு கை

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கம் காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

"ஆயா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு கண்ணு. டீ குடிச்சேன், ரெண்டு பிஸ்கட்டு தொட்டுக்கிட்டேன். அது போதும்."

மதியத்துக்கு வெள்ளைச் சோறும் ரசமும். ராத்திரிக்கு மிச்சச் சோறு, இல்லாவிட்டால் மறுபடியும் டீ. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளையும் தருமபுரி மண்ணில், அவற்றை விதைத்து அறுத்த கைகளுக்கே இன்று கிடைக்கும் சாப்பாடு இதுதான்.

இன்னொரு பக்கம், 'குடலுக்கு நல்லது' என்று அச்சிட்ட நார்ச்சத்துப் பொடி டப்பாக்கள் மருந்துக்கடை அலமாரிக்கு வந்துவிட்டன. அவற்றின் பின்னால் உள்ள அறிவியல் பொய்யில்லை. நம்மால் செரிக்க முடியாத சில நார்ச்சத்துகள் பெருங்குடல் வரை அப்படியே போகின்றன. அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிரிகளுக்கு அவைதான் தீனி. இப்படித் தீனியாகும் பொருளுக்கு 'ப்ரீபயாட்டிக்' என்று 1995-ல் பெயர் வைத்தவர்கள் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும். அந்தத் தீனியைத் தின்னும் நுண்ணுயிரிகள் பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே பியூட்டிரேட்தான். சுவர் உறுதியாக இருந்தால் வேண்டாதவை ரத்தத்தில் கசியாது. குடலை ஒட்டிக் காவல் நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்களும் தேவையில்லாமல் கொந்தளிக்காது.

வயதாகும்போது இந்த ஏற்பாடு தளர்கிறது. பிஃபிடோ வகை நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன. உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஒன்று அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. மலச்சிக்கல், அடிக்கடி வரும் காய்ச்சல், ஆறாத சோர்வு என்று முதியவர்கள் சொல்லும் குறைகளுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் தட்டில் இருக்கும் சோற்றுக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அயர்லாந்தில் 178 முதியவர்களின் குடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில் முக்கியமானது. சொந்த வீட்டில், ஊராரோடு வாழ்ந்தவர்களின் குடலில் பலவகை நுண்ணுயிரிகள் இருந்தன. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களுக்கு அந்த வகைகள் சுருங்கியிருந்தன. உணவில் பல்வகை குறைந்ததோடும் உடல் நலிவோடும் இந்தச் சுருக்கம் ஒட்டியே காணப்பட்டது. நம் ஊரில் இப்படிச் சுருங்க முதியோர் இல்லம் தேவையே இல்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டால், சொந்த வீட்டுக்குள்ளேயே தட்டு சுருங்கிவிடுகிறது.

எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கேழ்வரகுக் களியை வைத்தே சொல்லலாம். உலை கொதிக்க வேண்டும். நொய் வேக வேண்டும். மாவைக் கொட்டி, மூடி, வெந்ததும் இறக்கி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். தோளில் வலு வேண்டும். எழுபத்தைந்து வயது மணிக்கட்டு அதற்கு எங்கே போகும்? வலு இருந்தாலும், தனி ஒரு ஆளுக்காக யார் உலை வைப்பார்கள்? வெள்ளைச் சோறு சுலபம், பிஸ்கட் அதைவிடச் சுலபம்.

இழப்பின் கணக்கு இது: 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். களியோடு சேர்ந்து வந்தவையும் போய்விட்டன. கொள்ளிலும் மொச்சையிலும் உள்ள சில சர்க்கரைகள், சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் எல்லாம் நல்ல நுண்ணுயிரிகள் விரும்பித் தின்பவை. முதல்நாள் களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்களே, அதிலும் கணக்கு இருந்தது. ஆறிய மாவுப்பொருளில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, நார்ச்சத்தைப் போலவே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

பொடியாலும் பலன் உண்டு. 60 வயது தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளிடம் லண்டன் ஆய்வாளர்கள் 12 வாரம் நடத்திய சோதனையில், ப்ரீபயாட்டிக் எடுத்தவர்களுக்கு நினைவாற்றல் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது, கால் பலம் மட்டும் கூடவில்லை. ஆய்வுகள் இன்னும் சிறியவை, நார்ச்சத்து கூடினால் சிலருக்கு வயிறு உப்பும், சர்க்கரை நோயாளிக்குக் களியிலும் அளவு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது நியாயமே. மெல்லத் தொடங்கி, தண்ணீர் நிறையக் குடித்தால் பெரும்பாலோருக்கு வயிறு பழகிவிடும்.

ஆனால் பாப்பாரப்பட்டியில் குறைவது பொடி அல்ல. இந்த ஊரில்தான் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நிலத்தில் தானியம் இருக்கிறது, ரேஷன் பையிலும் வந்துவிட்டது. பையிலிருந்து தட்டுக்குப் போகும் வழியில்தான் ஆள் இல்லை. மாவு டப்பாவில் வண்டு விழுகிறது, ஆயா டீயில் பிஸ்கட்டை நனைக்கிறார்.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். தெருவுக்கு ஒரு பானை கூழ் காய்ச்ச மகளிர் குழுக்களால் முடியும். பக்கத்து வீட்டில் களி கிண்டும்போது ஓர் உருண்டை அந்தத் திண்ணைக்குப் போகட்டும். கூடவே ஒரு கரண்டி கீரைக் கடைசலும் போகட்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிஸ்கட் பாக்கெட் வாங்கி வர வேண்டாம். துடுப்பை எடுத்து நீங்களே ஒரு பானை களி கிண்டி, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.