வயிற்றுப் புண்ணும் ஒரு கிருமியும்

வயிறு எரிந்தால், "காரம் ஆகவில்லை, மோர் குடித்தால் சரியாகும்" என்பது நம் வாடிப்பட்டி வீடுகளில் வழக்கம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் காரத்தையும் கவலையையுமே குறை கூறி வந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஆவர். நோயாளிகளின் இரைப்பையில் கண்ட கிருமி ஆய்வுக்கூடத்தில் வளர மறுத்தது. 1982-இல் உயிர்ப்புப் பெருவிழா விடுமுறையில் ஆய்வுத் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே இருந்துவிட்டன. திறந்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அதுவே ஹெலிகோபாக்டர் பைலோரி. 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி மெய்ப்பித்தார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்து வாழ்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டாரிடமிருந்து தொற்றுகிறது. பலருக்குத் தொல்லை தராது. சிலருக்குப் புண்ணும், அரிதாகப் புற்றுநோயும் உண்டாக்கும்.

மோர் எரிச்சலைத் தணிக்கலாம், கிருமியைக் கொல்லாது. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால், மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்துகளையும் அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் தருவார். எரிச்சல் நின்றதென்று பாதியில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி பின்னர் அம்மருந்துக்கு அடங்காமற் போகலாம்.

வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவதாலும் புண் வரும். மலம் கறுத்தாலோ இரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாணவியரே, உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவோம். அம்மாவோ அப்பத்தாவோ மருந்தைப் பாதியில் நிறுத்தினால், அன்போடு எடுத்துச் சொல்வோம்.