பூட்டிய திடல் திறந்தால் கட்டணம் உண்டா?

மார்ச் 31-க்குள் நகராட்சியின் வரவு-செலவுத் திட்டம் நிறைவேற வேண்டும். அதனால் பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடங்களும் விளையாட்டுத் திடல்களும் இந்த ஆண்டாவது திறக்குமா என்று குன்றத்தூர், பம்மல், தாம்பரம் பக்கத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். பலர் கேட்பது ‘எப்போது திறப்பார்கள்?’ என்று. ‘திறந்தால் காசு கேட்பார்களா?’ என்று கேட்பவர்கள் சிலரே. ஆனால் அந்தக் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் ‘மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்’ என்று அதிகாரிகள் சொல்லும்போது, நகராட்சியே நடத்துவதும் அதில் அடங்கும், தனியாரிடம் டெண்டர் விடுவதும் அடங்கும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கட்டுவதற்கு ஒரு பணம், நடத்துவதற்கு வேறு பணம். அரசுத் திட்டங்களும் எம்.எல்.ஏ. தொகுதி நிதியும் சுவரையும் கூரையையும் தரும். வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், கழிப்பறைச் சுத்தம், உடைந்த கருவியின் பழுது ஆகியவை மாதாமாதம் நகராட்சியின் பொது நிதியில் விழும். பொது நிதி வறண்டால் முதலில் வாட்ச்மேன் போவார், பிறகு பூட்டு விழும். இந்த இடத்தில்தான் வருவாய்ப் பங்கு டெண்டர் வருகிறது. ஒப்பந்ததாரர் பராமரிப்பார், வசூலில் ஒரு பங்கைத் தருவார். ஏட்டில் செலவு மறைந்து வரவு தோன்றும். திறமையான ஏற்பாடுதான். என்னைக் கலங்கவைப்பதும் அதுவே: அதிகப் பங்கு தருவதாகச் சொல்பவருக்கே டெண்டர் என்றால், அந்தப் பங்கை அவர் விளையாட வரும் பிள்ளைகளிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

2024 டிசம்பர் இறுதியில் சென்னை மாநகராட்சி இதைச் செய்ய முயன்றது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் நடத்தவும், ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மாதத்தில் இருபது நாள் ஒரு மணி நேரம் ஆடும் பையனுக்கு அது 2,400 ரூபாய். எதிர்ப்பு எழுந்ததும் முடிவு திரும்பப் பெறப்பட்டது, திடல்கள் இலவசமாகவே தொடர்ந்தன. கட்டணம் தவிர்க்க முடியாததாக இருந்திருந்தால் அவ்வளவு விரைவில் கைவிட்டிருக்க முடியாது.

இலவசமாக விட்டால் யாரும் பேண மாட்டார்கள், காசு கொடுத்தால்தான் பொறுப்பு வரும் என்பார்கள். ஆனால் சென்னை அண்ணா நகர் பூங்காவின் கோபுரம் 2011-இல் மூடப்பட்டது காசு இல்லாமல் அல்ல, உயிரிழப்புகளால். கம்பி வேலி அமைத்த பிறகு 2023-இல் திறந்தது. காரணத்தைச் சரிசெய்தாலே இடம் திறந்துவிடும். நகராட்சியிடம் பணமில்லை என்ற வாதம் இதைவிட வலுவானது, அதை ஒதுக்க முடியாது. அப்படியானால் இரவு விளக்கொளியில் ஆடும் பெரியவர்களிடம் மட்டும் வாங்கலாம், மாலைப் பொழுதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். வெளிவட்டச் சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழும் குன்றத்தூரில் இது வெறும் சலுகைக் கணக்கு அல்ல. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டுபவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவெளிக்குத் தானமாகத் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. பணம் கட்டிய தெருவில் பந்து உருட்ட இடம் முளைக்காது. இருக்கும் ஒரு திடலுக்கும் கட்டணம் வந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

மற்ற கேள்விகள்:

தீர்மானம் இல்லாமல் டெண்டர் விடலாமா? மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

நடத்தும் செலவு எங்கே தெரியும்? வரவு-செலவுத் திட்டத்தின் பராமரிப்புத் தலைப்பில். அங்கே தொகை இல்லை என்றால், திறப்பு விழா நடந்தாலும் திடல் நிலைக்காது.

எங்கே பேசுவது? வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில். பம்மலில் 2022 நவம்பர் 1 அன்று முதல்வரே அமர்ந்த கூட்டம் அந்த வகைதான்.