இறுகிய மரை

புத்தி தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று ஏசுவது நம் நாட்டு வழக்கு. கழல வேண்டிய வேளையில் கழலாத மரையினால் மனிதன் படும் பாட்டைச் சொல்ல அப்படி ஒரு வசைமொழி நம்மிடம் இல்லை. இருந்திருக்குமாயின், ராமச்சந்திராபுரத்துத் தமிழ்க் குடும்பங்களே அதனை மிகுதியாக எடுத்தாண்டிருக்கும். இவ்வூரின் வாழ்வு மரையாணிகளின்மீது நிற்பது என்று சொன்னால் அது மிகையாகாது.

1960களின் முற்பகுதியில் செக்கோஸ்லோவாகிய நாட்டின் ஒத்துழைப்போடு இங்கே கனரக மின்கருவித் தொழிற்சாலை எழுந்தது. 1964ஆம் ஆண்டில் பாரத மிகுமின் நிறுவனம் உருவானபோது அதன் முதல் மூன்று ஆலைகளுள் இதுவும் ஒன்று. மற்ற இரண்டும் நம் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரிலும், வடக்கே ஹரித்துவாரிலும் அமைந்தன. திருவெறும்பூரில் கொதிகலன் செய்தார்கள். ராமச்சந்திராபுரத்தில் அக்கொதிகலனின் நீராவியால் சுழலும் டர்பைனைச் செய்தார்கள். தாய்வீடும் புகுந்த வீடும் போல இரண்டு ஊர்களுக்கும் அன்று ஏற்பட்ட உறவு இன்றும் அறவில்லை. பிட்டராகவும், டர்னராகவும், வெல்டராகவும் இங்கு வந்து குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் இப்போது கணினி முன் அமர்ந்து பொருள் ஈட்டுகிறார்கள். அது நல்லதே. ஆயினும் தந்தையின் கைக்குத் தெரிந்த ஒரு வித்தை பிள்ளையின் காதுக்காவது எட்ட வேண்டாமா? அவ்வித்தைகளுள் ஒன்றாகிய, இறுகிப்போன மரையை அவிழ்க்கும் முறையைப் பற்றி இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

மரை ஏன் இறுகுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆணியின் மேல் ஓடும் சுருள் வரியும், அதனைத் தழுவிய நட்டின் உள்வரியும் எப்போதும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கின்றன. நாம் ஸ்பானரைப் பிடித்துச் செலவிடும் வலிமையில் ஏறத்தாழப் பாதி, நட்டின் அடிமுகத்து உராய்விலேயே அழிந்துவிடுகிறது. மரையின் உராய்வு இன்னும் நாற்பது விழுக்காட்டைத் தின்றுவிடும். எஞ்சிய பத்து விழுக்காடே ஆணியை இழுத்து இறுக்கப் பயன்படுகிறது. உராய்வு சற்றே கூடினாலும் நட்டு அசையாது போவது இதனால்தான்.

உராய்வு கூடும் வழிகள் பல. துரு அவற்றுள் பழையது. இரும்பு துருவாகும்போது, தான் முன்பு கொண்டிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கிறது. மரையின் இடுக்கில் அதற்கு இடமேது? ஆகவே ஆப்பு அறைந்தாற்போல் இறுகிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகிலோ வேறொரு வினோதம் நிகழ்கிறது. அதன் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய படலம் உராய்வினால் கிழிந்தவுடன் உலோகமும் உலோகமும் நேரே தொட்டு, நெருப்பின்றியே ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயிடாமல் விசைக்கருவியால் விரைந்து முடுக்குவோர் இதற்கு அடிக்கடி ஆளாகிறார்கள். மூன்றாவது வழி வெப்பம். டர்பைனின் உயரழுத்த உறையைப் பூட்டும் ஆணிகள் 500 பாகைக்கு மேற்பட்ட நீராவியின் அருகே ஆண்டுக்கணக்கில் வேகின்றன. அங்கே மரையின்மீது கரும்படிவம் திரண்டு, இரண்டும் ஒரே உலோகம்போல் ஆகிவிடுவதுண்டு.

இந்த ஆணிகளை இறுக்கும் முறையே விந்தையானது. மணிக்கட்டினும் பருத்த ஆணியை வெறுங்கை வலிமையால் இழுத்து நீட்ட எவராலும் ஆகாது. ஆகவே ஆணியின் நடுவே நெடுகத் துளையிட்டிருப்பார்கள். அத்துளையினுள் மின்சூடேற்றும் கம்பியைச் செலுத்தினால் ஆணி நீளும். எஃகு ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு வளரும். 600 மில்லிமீட்டர் ஆணியை 150 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் நீளும். அந்த நேரத்தில் நட்டைக் கணக்கிட்ட கோணத்துக்குத் திருப்பி வைத்துவிட்டால், ஆணி ஆறிச் சுருங்கும்போது உறையின் இரு பாதிகளையும் பேய்ப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும்.

அவிழ்ப்பதும் அதே வழியில்தான். சூடேற்றிய ஆணி நீண்டவுடன் நட்டின் மேலுள்ள அழுத்தம் நீங்கும். நல்ல நிலையிலுள்ள நட்டு அப்போது எளிதாகச் சுழன்று வரும். இதில் நேரமே முக்கியம். மெல்ல மெல்லச் சூடேற்றினால் வெப்பம் ஆணியிலிருந்து உறைக்கும் பரவி, இரண்டும் சேர்ந்து நீண்டுவிடும். பிறகு பயன் எங்கே?

இப்படியும் வராத நட்டு உண்டு. அதன் முன் நிற்கும் பிட்டருக்குத்தான் சோதனை. மின்நிலையம் நின்று கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் மின்சாரம் நட்டமாகிறது. மேலதிகாரி மணிக்கொருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அப்போது கை தானாகவே பெரிய சுத்தியலைத் தேடும். அனுபவசாலி அதனைத் தொடுமுன் ஒரு கணக்குப் போடுவார்: எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது? நட்டுப் போனால் வேறு நட்டு உண்டு. ஆணி போனாலும் மாற்று ஆணி உண்டு. உறையின் உள்மரை கெட்டால், பல டன் எடையுள்ள அவ்வார்ப்பையே துளைபோடும் பொறியின்மீது ஏற்ற நேரும். ஆகவே நட்டைக் கொடுத்து ஆணியைக் காக்க முயல்வார்; முடியாவிடில் ஆணியைக் கொடுத்து உறையைக் காப்பார். என் மதிப்பில் இவ்வேலையின் அறிவு முழுவதும் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது. மற்றவை கைப்பழக்கம்.

அக்கைப்பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எண்ணெய், ஊடுருவும் மெல்லிய எண்ணெயை ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிடுதல். பிறகு நட்டின் பக்கங்களில் மிதமாகத் தட்டுதல். அதிர்வினால் துருவின் பிடி தளரும். அடுத்து, அவிழ்க்கும் திசையில் உடனே முயலாமல் சற்றே இறுக்கும் திசையில் அசைத்துப் பார்த்தல். துகளாகிய துருவைப் பின்னுக்குத் தள்ளி வழிவிடச் செய்யும் தந்திரம் இது. கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே என்று எண்ணெயிட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்கும் மசியாவிடில் எண்ணெயை நன்கு துடைத்தெடுத்து, நட்டை மட்டும் வெளியிலிருந்து சூடாக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் அளவுள்ள நட்டு, தன் ஆணியைவிட 200 பாகை கூடுதலாகச் சூடானால் 0.06 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமயிரின் கனம் அவ்வளவுதான், அதுவே போதும். வெப்பமாயிருக்கும்போது மரையின் வாயில் மெழுகுவத்தியை வைத்தால், உருகிய மெழுகு திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறி வழவழப்பைத் தரும். எல்லாம் தோற்றால், நட்டை நீளவாக்கில் அறுத்து உளியால் பிளக்கிறார்கள். ஆணி முறிந்துவிட்டால், இடப்பக்கம் சுழலும் துளைக்கருவியால் அதன் நடுவில் துளையிடுகிறார்கள். துளைக்கும்போதே முறிந்த துண்டு அவிழ்ந்து வெளிவந்துவிடுவதும் உண்டு. அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் தேநீர்!

இதே சிக்கல் முற்றிலும் வேறோர் இடத்திலும் தோன்றுவது வேடிக்கை. துப்பாக்கிக் குழலின் முனையில் ஓசையடக்கியைப் பொருத்துவதற்கென்று ஒரு தாங்கி உண்டு; அதுவும் மரையால் பூட்டப்படுவதே. ஓசையடக்கியை உலகுக்கு அளித்தவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். 1909ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மைந்தர் அவர். தகப்பனார் எழுப்பிய ஓசையை மகன் அடக்கப் புறப்பட்டார் போலும்! அவரே எஞ்சின்களின் புகைபோக்கிக்கும் ஓசையடக்கி செய்தார். நம் ஸ்கூட்டரின் சைலன்சர் இவ்வகையில் துப்பாக்கிச் சைலன்சருக்கு உடன்பிறப்பு. இன்னோர் ஒற்றுமையும் சொல்லத்தக்கது. 1841இல் மரைகளுக்கு ஒரே அளவை வகுத்த ஆங்கிலேயர் ஜோசப் விட்வொர்த், பின்னாளில் அறுகோணத் துளையுடைய துப்பாக்கியையும் படைத்தார்.

ராமச்சந்திராபுரத்துக்குத் தொலைவில் இல்லாத எத்துமைலாரத்தில் 1984 முதல் படைக்கலத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. காலாட்படையின் கவச வாகனங்கள் அங்கே உருவாகின்றன. துப்பாக்கி செய்யும் ஆலையோ 1966இல் நம் திருச்சியில் எழுந்தது. ஓசையடக்கி, நம் நாட்டில் சாதாரணக் குடிமக்கள் வைத்திருக்கத் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகையால் அதன் தாங்கியை அவிழ்க்கும் வேலை படைக்கலப் பட்டறைக்கு உரியது. வீட்டு முற்றத்துக்கு உரியதன்று. ஆயினும் அங்கே நிகழ்வது என்ன என்று அறிவதில் தவறில்லை.

ஒவ்வொரு குண்டோடும் கொதிக்கும் வாயுவும் கரியும் அம்மரையைத் தாக்குகின்றன. அதற்குமேல், தாங்கி தளராதிருக்கப் பசையும் இட்டிருப்பார்கள். பசை இருவகை. காற்றுப்படாத இடுக்கில் இறுகும் பசையை அமெரிக்க வேதியியலார் வெர்னான் கிரீபிள் 1953இல் ஆக்கினார். இவ்வகையில் வலியது 250 பாகை அளவுக்குச் சூடேற்றினால் இளகும். மற்றொன்று மணற்சத்துடைய கனிமப் பசை. அது நெருப்புக்கு அஞ்சாது. ஆனால் ஓர் இரவும் பகலும் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். எந்தப் பசை என்று கேளாமல் டார்ச்சைக் கையிலெடுத்தவர், தண்ணீருக்கு இணங்குவதை நெருப்பால் மிரட்டிக்கொண்டிருப்பார். எஃகோ அதற்குள் பதம் இழக்கத் தொடங்கும். பளபளப்பான எஃகு 230 பாகையில் வைக்கோல் நிறமும், 300 பாகையில் நீல நிறமும் கொள்ளும். அந்த நிறமே பட்டறைக்காரனுக்கு வெப்பமானி.

இங்கும் கணக்கு முன்சொன்னதே. தாங்கியை அறுத்தெறியலாம், குழலைக் கெடுக்கலாகாது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலை அதன் முனைக்கு அருகிலேயே மெல்லிய உலோகக் கட்டைகளுக்கிடையில் வைத்து வைஸில் பிடிப்பார்கள். பின்பகுதியைப் பிடித்துத் திருகினால், முறுக்கு விசை குழல் நெடுகச் சென்று அதன் அடிப்பூட்டைத் தாக்கும். அவிழ்த்த பின்னரும் வேலை முடிவதில்லை. மரையின் அடித்தோளில் எள்முனையளவு பழம்பசை தங்கினாலும் புதிய தாங்கி சாய்ந்து உட்காரும். அச்சாய்வு ஓசையடக்கியின் மறுமுனைக்குள் வளர்ந்து, குண்டு உட்தடுப்பில் மோதினால், நிற்பவன் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வருவோம். மரை இறுகும் துன்பத்தை நம் பெண்மக்கள் ஆலைக்காரருக்கு முன்பே அறிவார்கள். வைரத்தோட்டின் திருகாணி எண்ணெயும் அழுக்கும் படிந்து இறுகினால், மூதாட்டிகள் அதனைப் பல்லாலோ இடுக்கியாலோ திருக விடமாட்டார்கள். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, வெந்நீரில் தோய்த்த துணியை வைத்துப் பொறுத்திருப்பார்கள். அதற்கும் வராவிடில் தட்டாரிடம் செல்வார்கள். தட்டார் திருகை அறுத்தெடுப்பார். தோடும் காதும் பிழைத்துக்கொள்ளும்.

ஆடவருக்கும் இரண்டு சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்த ஆணியின்மீது நெருப்பைக் காட்டலாகாது. சமையல் வாயு உருளையிலும், பிரஷர் குக்கரின் மூடியிலும் எது இறுகினாலும் சுத்தியலோ சூடோ வேண்டா, உரியவரை அழைத்துவிடுங்கள்.

மற்றொன்று, எல்லாவற்றுக்கும் முன்னே பார்க்க வேண்டியது. மரையெல்லாம் வலமாகத் திருகினால் இறுகும் என்பதில்லை. அசிட்டிலின் உருளையின் மரை இடமரை. ஏ.கே.எம். துப்பாக்கியின் குழல்முனை மரையும் இடமரையே. உங்கள் மகனின் சைக்கிளில் இடது மிதிக்கட்டையும் அப்படித்தான். அதனைக் கழற்ற விரும்பினால் ஸ்பானரை வலமாகத் திருப்புங்கள்.