மூச்சுக்குப் பதில் முப்பது விநாடி

கபடியில் பாடிப் போகிறவரின் மூச்சுதான் ஒரு காலத்தில் கடிகாரம். நடுக்கோட்டைத் தாண்டும்போது பிடித்த மூச்சு, எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்வரை அறுபடக் கூடாது. 'கபடி கபடி' என்றோ 'சடுகுடு' என்றோ பாட்டு நிற்காமல் வர வேண்டும்; நின்றால் ஆள் அவுட். நெஞ்சு வலுவுள்ளவர் அதிக நேரம் எதிர்க்களத்தில் சுற்றுவார், மற்றவர் சீக்கிரம் திரும்புவார். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நீளும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. நடுவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மூச்சு விட்டாரா இல்லையா என்பதில்தான் ஊர் மைதானங்களில் பாதிச் சண்டை.

2014 ஜூலை 26இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் அந்த வேலையை மின்கடிகாரம் எடுத்துக்கொண்டது. பாடிப் போய்த் திரும்பும் ஒரு 'ரெய்டு'க்கு 30 விநாடி. பாட்டு ஒழிக்கப்படவில்லை; ரெய்டர் இன்றும் உதட்டை அசைத்துப் பாடுகிறார். ஆனால் வீட்டில் பார்ப்பவர் கவனிப்பது திரையில் குறைந்துகொண்டே வரும் எண்ணைத்தான். 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளில் ஏறத்தாழ 80 ரெய்டுகள் நடக்கும் என்று இப்போது கணக்குப் போடலாம். ஆட்டம் எப்போது முடியும், அடுத்த நிகழ்ச்சி எப்போது தொடங்கும், விளம்பரம் எங்கே நுழையும் என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே வரும்.

தொலைக்காட்சிக்குத் தேவையானவை மூன்று: ஆட்டம் சொன்ன நேரத்தில் முடிய வேண்டும், நடுவே சலிப்பான பொழுது இருக்கக் கூடாது, அப்படியே இருந்தாலும் அதை விற்க முடிய வேண்டும். கபடியின் பழைய வழக்கம் இரண்டாவதில்தான் அதிகம் இடறியது. முன்னணியில் இருக்கும் அணி ரெய்டரை அனுப்பி, கோட்டருகே நின்று பாட வைத்து, வெறுங்கையோடு திரும்ப அழைத்து நேரத்தைக் கடத்தலாம். தந்திரம் என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் அதற்குள் வேறு சேனலுக்குப் போய்விடுவார். இதற்கு மருந்துதான் 'டூ ஆர் டை' ரெய்டு. தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் போன ஆள் அவுட். எதிர்ப்பக்கம் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. அது 'சூப்பர் டேக்கிள்'. பின்தங்கிய அணிக்கும் கடைசிவரை நம்பிக்கை மிஞ்சும்; பார்ப்பவரும் எழுந்து போக மாட்டார்.

இந்த விதிகளைத் தொலைக்காட்சியின் திணிப்பு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ஆட்டமாகப் பார்த்தாலும் இவை நல்ல விதிகள். வெற்றுப் பாட்டு குறைந்தது, பிடிக்கும் கலைக்கு மதிப்புக் கூடியது. முதல் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டபோது விளம்பரதாரர்களே சற்று அசந்துபோனார்கள். பலன் வீரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 2014 ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 லட்சம் ரூபாய். 2022இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது.

கவனிக்க வேண்டியது விதியை மட்டுமல்ல, விதியால் லாபம் பெறுபவர் யார் என்பதையும்தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் கபடிக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்து லீக் யோசனைக்கு வந்தவர் வர்ணனையாளர் சாரு சர்மா. அவரும் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவும் சேர்ந்து உருவாக்கியது மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனம். முதல் பருவத்தை ஒளிபரப்பிய ஸ்டார் இந்தியா, 2015இல் அந்த நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. கிரிக்கெட்டில் வாரியம் ஒரு பக்கம், சேனல் மறுபக்கம். நடுவில் பேரம் நடக்கும். இங்கே போட்டியை நடத்துபவரும் ஒளிபரப்புபவரும் ஒரே குடும்பம். 2021இல் ஐந்து பருவங்களுக்கான ஒளிபரப்பு உரிமை ஏலத்துக்கு வந்தபோது, சுமார் 908 கோடிக்கு அதைப் பெற்றதும் ஸ்டார்தான். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாக இருக்கும் கல்யாணத்தில் சீர் பேசுவது போன்ற காட்சி அது.

முதலமடை முதல் மூணாறு வரை, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லை ஊர்களில் திரைக்கேற்ப ஆட்டம் மாறும் இந்தப் போக்கு இரண்டு ஆட்டங்கள் வழியாக வந்தது. ஒன்று கபடி. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ் தலைவாஸ் அணியும் லீக்கில் சேர்ந்தது. மற்றொன்று கேரளத்தின் செல்ல ஆட்டமான வாலிபால்.

வாலிபாலில் பழைய முறைப்படி சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. எதிரணி பந்தை வென்றால் சர்வீஸ் மட்டுமே கைமாறும், எண் நகராது. 15 புள்ளியை எட்ட எவ்வளவு நேரமாகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்து இத்தாலி வரை போய் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் காலத்து ஆட்டங்களெல்லாம் அப்படி நடந்தவையே. 1998இல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்று மாற்றியது. முதல் நான்கு செட்டுகளுக்கு 25, ஐந்தாவதற்கு 15. ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சி அட்டவணைக்குள் அடக்குவது இந்த மாற்றத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2019 பிப்ரவரியில் சோனி ஒளிபரப்பிய புரோ வாலிபால் லீக் இன்னும் ஒரு படி தாண்டியது. எல்லா செட்டும் 15 புள்ளிதான். எதிரணி தொட முடியாத சர்வீஸுக்கு இரண்டு புள்ளி. கொச்சியிலும் சென்னையிலும் நடந்த அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் காலிகட் ஹீரோஸை வென்று சென்னை ஸ்பார்ட்டன்ஸ் பட்டம் எடுத்தது.

டேபிள் டென்னிஸும் பேட்மின்டனும் இதே வழியில் போயின. பந்து திரையில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணமாக 2000இல் டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. மறு ஆண்டு ஒரு கேம் 21 புள்ளியிலிருந்து 11ஆகச் சுருங்கியது. பேட்மின்டனில் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை 2006இல் வந்தது.

இந்தக் கதையின் வேர் ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டில். 1976இல் டெஸ்ட் போட்டிகளைத் தன் சேனல் நைனில் காட்ட கெர்ரி பாக்கர் மூன்று ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். வாரியம் மறுத்தது. அவர் உலகின் சிறந்த வீரர்களை ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டு 1977இல் தனியாகவே போட்டி நடத்தினார். விளக்கொளியில் இரவு ஆட்டம், வெள்ளைப் பந்து, வண்ணச் சீருடை எல்லாம் அங்கே பரவலானவை. வேலை முடிந்து வீடு திரும்பியவர் பார்க்கும் நேரத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்ததுதான் அவற்றின் சாரம். 1979இல் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய பருவத்தில் ஆஸ்திரேலியா 8 பந்து ஓவரைக் கைவிட்டு 6 பந்து ஓவருக்கு மாறியது. ஓவர் சிறிதானால் ஓவருக்கு ஓவர் வரும் விளம்பர இடைவெளி கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

இந்தியாவில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. ஹீரோ கோப்பை ஒளிபரப்பை முன்னிட்டுத் தூர்தர்ஷன் தரப்புக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. அதன்பின் உரிமை விலை ஏறிய வேகம் தெரிந்ததே. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு 48,390 கோடிக்குப் போனது. ஏலத்தில் கணக்கிட்ட 410 ஆட்டங்களால் வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. இவ்வளவு கொடுத்தவர் ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் எண்ணியதெல்லாம் நடந்துவிடுவதில்லை. 2009இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஐபிஎல்லில் ஒவ்வொரு இன்னிங்ஸின் பத்தாவது ஓவர் முடிவில் ஏழரை நிமிட 'ஸ்ட்ராடஜிக் டைம் அவுட்' நுழைந்தது. வியூகம் வகுக்க என்று பெயர். வகுக்கப்பட்டது விளம்பரம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விறுவிறுப்பு அறுந்துபோகிறது என்று வீரர்கள் முணுமுணுத்தார்கள், ரசிகர்கள் திட்டினார்கள். மறு ஆண்டு அது இரண்டரை நிமிடங்களாக, ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு முறை என்று துண்டாடப்பட்டது. எடுத்துவிடவில்லை, அளவைத்தான் குறைத்தார்கள். பின்னர் ஒரு டயர் கம்பெனியின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டது.

கால்பந்து இந்த விஷயத்தில் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தது. 45 நிமிடம் ஓயாமல் ஓடும் ஆட்டத்தில் விளம்பரத்துக்கு வாசலே இல்லை. 2026 உலகக் கோப்பையில் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு என்று ஃபிஃபா 2025 டிசம்பரில் அறிவித்தது. சொன்ன காரணம் வீரர் நலம். குளிரூட்டிய அரங்கத்துக்கும் அதே விதி என்பதால் கேள்வி எழத்தான் செய்தது.

கபடிக்குத் திரும்பினால், கடிகாரத்தின் வேலை இன்னும் முடியவில்லை. 2025 பருவத்திலிருந்து லீக் சுற்றிலும் ஆட்டம் சமமாக முடிய வழியில்லை. புள்ளிகள் சமமானால் இரு அணிகளுக்கும் ஐந்து ஐந்து ரெய்டு. அதிலும் சமமென்றால் முடிவைத் தீர்க்க 'கோல்டன் ரெய்டு'. ஊர்த் திருவிழாப் போட்டிகளில் இரு தரப்பும் கைகுலுக்கிப் பரிசைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் பழக்கத்துக்குத் திரையில் இடமில்லை.