மாடிக்குச் செல்லக் கூடாது!

அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகனையோ மகளையோ பெற்ற தாய் தந்தையர் எந்தத் தேசத்தவராயினும் சரி, அவர்கள் மனத்தை ஓயாமல் அரிக்கும் கவலை ஒன்று உண்டு. "நாம் கண்ணை மூடிய பிறகு இந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதே அது. நமது நாட்டில் பெரும்பாலும் உடன்பிறந்தவர்களே இதற்கு விடையாக இருந்து வருகிறார்கள். பிரிட்டனிலோ சர்க்காரே இப்பொறுப்பைப் பெருமளவில் ஏற்று, வரிப் பணத்தை இதற்கெனச் செலவிட்டு வருகிறது. அங்கே சட்டம் இருக்கிறது, பரிசோதகர்கள் இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன என்பதை, தம் பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்க்க எண்ணும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

பிரிஸ்டல் நகருக்கு அருகில் 2006-ம் வருஷ முடிவில் 'விண்டர்போர்ன் வியூ' என்னும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுடன், சமாளிப்பதற்கு அரிய நடத்தையும் உடையவர்களைச் சில காலம் வைத்திருந்து, அவர்களுடைய தேவை இன்னதென ஆராய்ந்து, வீட்டுக்கு அனுப்புவது அதன் நோக்கம். படுக்கைகள் 24. ஒருவருக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரி 3,500 பவுன் வீதம் பொதுப் பணத்திலிருந்து கட்டணம் செலுத்தப்பட்டது. அந்தத் தொகைக்கு நல்ல ஹோட்டல் ஒன்றில் ராஜபோகமாகத் தங்கலாம்! 'சில காலம்' என்றது சராசரி 19 மாதமாக நீண்டது. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தவர்களும் உண்டு.

2011-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதன் நிருபர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து, ஐந்து வாரம் இரகசியக் காமிராவுடன் அந்த ஆஸ்பத்திரிக்குள் இருந்திருந்தார். நோயாளிகளைத் தரையில் கிடத்தி நாற்காலியை மேலே போட்டு அமுக்குவதும், அறைவதும், இழுப்பதும், உடுத்த துணியோடு ஒரு பெண்ணைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் குளிரில் வெளியே விடுவதும் தேச மக்கள் அனைவரும் காண நேர்ந்தது. ஊழியர் 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012-ல் அவர்களில் ஆறு பேர் சிறை சென்றனர். நிகழ்ச்சி வெளியான சில வாரங்களிலேயே ஆஸ்பத்திரி மூடப்பட்டது.

இந்தக் கொடுமையை முதலில் கண்டுபிடித்தது காமிராதானா? இல்லை என்பதே இதில் மிகவும் வேதனையான விஷயம். அங்கே பணியாற்றிய மூத்த நர்ஸ் ஒருவர் 2010-லேயே நிர்வாகத்தாருக்கு எழுதினார். பின்னர் பரிசோதனைக் கமிஷனுக்கும் தெரிவித்தார். ஒருவரும் அசையவில்லை. 2008 முதல் 2011 வரையில் உள்ளூர் கவுன்சிலுக்கு 40 எச்சரிக்கைகள் போயிருந்தன. போலீஸாருக்கு 29 முறை விஷயம் எட்டியிருந்தது. காயம் முதலிய காரணங்களால் நோயாளிகள் 70 தடவைக்கு மேல் வெளி ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்குச் சென்றிருந்தனர். கவுன்சில் தன்னிடம் வந்ததைப் பார்த்தது. போலீஸார் தம்மிடம் வந்ததைப் பார்த்தனர். டாக்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார். நான்கு கடுதாசியையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்க ஆள் இல்லை! 2012-ல் மார்கரெட் பிளின் என்னும் அம்மையார் தயாரித்த அறிக்கை இதை விரிவாக எடுத்துரைக்கிறது.

அதே விசாரணைகளில் வெளியான மற்றொரு சிறு விவரமே நம் மனத்தில் ஆழப் பதிந்தது. பார்க்க வரும் உறவினர்களுக்கு மாடியிலுள்ள வார்டுகளுக்கோ படுக்கை அறைகளுக்கோ செல்ல அநுமதி இருக்கவில்லை. மகன் எந்தக் கட்டிலில் படுக்கிறான், அவன் அறையில் ஜன்னல் உண்டா, இரவில் அவனருகே யார் இருக்கிறார்கள் என்பதொன்றும் தாய்க்குத் தெரியாது. ஐந்து மாதத்தில் தங்கள் மகனை 45 தடவை பிடித்து அமுக்கியிருந்ததை ஒரு குடும்பத்தார் பின்னர் ஆதாரத்துடன் எடுத்துக் காட்டினர். நோயாளிகள் தாங்களே வாய் திறந்து சொன்னபோதோ, அது நம்பப்படவில்லை. அறிவு குறைந்தவர் சொல்லுக்குச் சாட்சி மதிப்பு ஏது என்ற எண்ணம் போலும்!

இங்கிலாந்து தேசத்தார் விசாரணைக் கமிட்டி வைப்பதில் நிகரற்றவர்கள் என்பது நமக்குப் புதிதன்று. இவ்விஷயத்திலும் அவர்கள் முதல் பாடத்தை 1969-லேயே கேட்டுவிட்டார்கள். வேல்ஸின் தலைநகரான கார்டிபில் ஈலி ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. அங்கே நடப்பவற்றை ஊழியர் ஒருவர் 1967-ல் பத்திரிகைக்குத் தெரிவித்தார். பிற்காலத்தில் மந்திரியாக விளங்கிய ஜெப்ரி ஹௌ அதை விசாரித்தார். முறைகேட்டைச் சொன்ன ஊழியர்களே துன்பத்துக்கு உள்ளானார்கள் என்று அவர் கண்டார். அறிக்கையைச் சுருக்கி வெளியிடும் யோசனையும் இருந்தது. மந்திரி ரிச்சர்ட் கிராஸ்மன் முழுதும் அச்சாக வேண்டும் என்று நின்றார். அதன் விளைவாகவே இத்தகைய ஆஸ்பத்திரிகளைப் பார்வையிடும் தனி அமைப்பு ஏற்பட்டது.

அடியும் உதையும் மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. 2013-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி ஆக்ஸ்போர்டில் இத்தகைய பிரிவு ஒன்றில் 18 வயது இளைஞன் ஒருவன் குளிக்கும் தொட்டியில் மூழ்கி இறந்தான். அவனுக்குக் காக்காய் வலிப்பு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். வலிப்பு வருவதாகத் தாயார் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார். ஆயினும் அவனைத் தனியே குளிக்க விட்டிருந்தார்கள். அவன் அங்கே வந்து 107 நாள்தான் ஆகியிருந்தது. இயற்கை மரணம் என்று முதலில் சொல்லப்பட்டதைத் தாயார் ஏற்கவில்லை. 2015-ல் ஜூரிகள் அசட்டையே மரணத்துக்குத் துணை செய்தது என்று தீர்ப்பளித்தனர். அவனைக் கையால் தீண்டித் துன்புறுத்தியவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவுக்கு வெளியே ஓர் ஊழியர் நின்றிருந்தால் போதும்.

மருந்தும் ஒரு விலங்காகக் கூடும். மனநோய்க்கான மருந்துகளை, அந்த நோயே இல்லாமல் இங்கிலாந்தில் தினந்தோறும் 30,000 முதல் 35,000 பேர் வரை அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோர் உட்கொண்டு வந்ததாக 2015-ல் மதிப்பிடப்பட்டது. ஓர் ஆள் சாதுவாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன்பு, மருந்துச் சீட்டைப் பார்ப்பது உத்தமம்.

நற்சாட்சிப் பத்திரத்தை நம்பலாமா? டர்ஹாம் பிரதேசத்து வோர்ல்டன் ஹால் என்னும் ஆஸ்பத்திரிக்கு 2017-ல் பரிசோதனைக் கமிஷன் 'நன்று' என்று மதிப்பெண் வழங்கியது. அதற்கு முன்பே 2015-ல் ஒரு பரிசோதகர் குறைகளைக் கண்டு எழுதிய அறிக்கை பிரசுரமாகாமலே கிடந்தது. 2019-ல் மறுபடியும் பி.பி.சி.யின் இரகசியக் காமிரா உள்ளே புகுந்தது. 2023-ல் ஊழியர் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். விண்டர்போர்னுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டாதவர்களை 2014 ஜூன் மாதத்துக்குள் வெளியே குடியேற்றுவதாகச் சர்க்கார் வாக்களித்திருந்தது. அந்தக் கெடு கடந்து பத்து வருஷம் ஆன பின்பும், 2024-ல், ஏறக்குறைய 2,000 பேர் உள்ளேயே இருந்தனர்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஈலி இருந்த அதே கார்டிபில், 1981 முதல் 'நிம்ராட்' என்னும் திட்டத்தின்படி இவர்களில் சிலர் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் சிறு சிறு குழுக்களாகக் குடியமர்த்தப்பட்டனர். அருகில் பால்காரர் வருவார், அண்டை வீட்டார் பேசுவார்கள், கடைக்காரர் முகம் தெரிந்து விசாரிப்பார். பரிசோதகர் வருஷத்தில் ஒரு நாள் வருகிறார். அண்டை வீட்டார் தினமும் இருக்கிறார்கள். 1983-ல் வேல்ஸ் முழுவதற்கும் இக்கொள்கை ஏற்கப்பட்டது; ஈலி ஆஸ்பத்திரி 1996-ல் மூடப்பட்டது.

ஆகவே, ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்லும் தாய்மார்களுக்கு நாம் கூறுவது இது. வரவேற்பறையின் சோபாவையும் சுவரிலுள்ள சான்றிதழையும் பார்த்துத் திரும்ப வேண்டாம். படுக்கை அறையைக் காட்டச் சொல்லுங்கள். முன்னறிவிப்பின்றி, சாயங்காலம் அல்லது ஞாயிற்றுக்கிழமை மறுபடி செல்லுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், சென்ற வருஷம் இருந்த ஊழியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், பிடித்து அடக்க நேரும்போது அதை எழுதி வைக்கிறார்களா, அந்தப் புஸ்தகத்தைப் பெற்றோர் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விடுவதற்கில்லை. சேர்த்த பிறகு, பிள்ளை வாயால் சொல்லாவிடினும் உடம்பால் சொல்லும்: எடை, நகம், பல், காயம், குளிக்க அழைத்தால் நடுங்குவது. அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நமது தேசத்திலும் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இத்தகைய இல்லம் நடத்துவோர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். கொடுமை நடப்பதாக நம்புவதற்குக் காரணமுள்ள எவரும், உறவினர் அல்லாதாரும்கூட, உள்ளூர் நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்குத் தகவல் தரலாம் என்று அதன் 7-ம் பிரிவு கூறுகிறது. 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜில்லாதோறும் அமையும் கமிட்டி, இத்தகையவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் உடையது. அப்பாதுகாவலர் துன்புறுத்தினாலோ கைவிட்டாலோ அவரை நீக்கவும் கோரலாம். இதற்கான மனுவைப் பற்றிக் கலெக்டர் ஆபீஸில் விசாரித்துக்கொள்ளலாம்.