மின்னூல் படிப்பானில் தொகுப்புகளை அமைத்தல்

மின்னூல் படிப்பானில் உள்ள நூல்களைப் பொருள், ஆசிரியர், தொடர் என ஏதேனும் ஓர் அடிப்படையில் பெயரிட்டுக் குழுக்களாகப் பிரிப்பது தொகுப்பு எனப்படும். பார்வைக்குக் கணினிக் கோப்புறையைப் போல் இருந்தாலும் இது கோப்புறை அன்று. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே நூல் பல தொகுப்புகளில் இடம்பெறலாம். அகிலனின் புதினம் ஒன்றை 'நாவல்' தொகுப்பிலும், அவர் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்தவர் என்பதால் 'புதுக்கோட்டை' தொகுப்பிலும் சேர்க்கலாம்.

மதுரைத் திட்டம் (1998), ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் (2013) போன்ற தளங்கள் தமிழ் நூல்களை இலவசமாகத் தருவதால், ஒரு மாணவரின் கருவியில் சில நூறு நூல்கள் சேர்வது எளிது. அவற்றைக் கருவியின் சிறிய திரையில் ஒவ்வொன்றாகப் பிரிப்பது சலிப்பூட்டும் வேலை. கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தால் அந்த உழைப்பும் அழிந்துபோகக்கூடும். எனவே வகைப்படுத்தலைக் கணினியில் செய்து வைப்பதே பாதுகாப்பானது.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது காலிபர் என்னும் கட்டற்ற மென்பொருள். சோனி நிறுவனத்தின் படிப்பான் லினக்சில் இயங்காததால், இந்தியரான கோவிட் கோயல் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார். 2008-இல் இப்பெயர் பெற்றது.

பெயர்ச் சிக்கல்

தமிழ் நூல்களில் முதலில் சரிசெய்ய வேண்டியது ஆசிரியர் பெயர். காலிபர், பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவந்து வரிசைப்படுத்தும். 'ந. பிச்சமூர்த்தி' என்று இடைவெளி விட்டு எழுதினால் 'பிச்சமூர்த்தி, ந.' எனச் சரியாக அமையும். இடைவெளி இல்லாமல் 'ந.பிச்சமூர்த்தி' என்றிருந்தால் அது ஒரே சொல்லாகக் கொள்ளப்பட்டு நகரத்தின் கீழ் போய்விடும். 'வ. உ. சிதம்பரம் பிள்ளை' பிள்ளை என்பதன் கீழ் போவார், அவரே வ.உ.சி., சிதம்பரனார் என்று வேறு இரு ஆசிரியர்களாகவும் பட்டியலில் தோன்றக்கூடும். ஆசிரியர் மேலாண்மைச் சாளரத்தில் இவற்றை ஒரே பெயராக்கி, வரிசைப் பெயரையும் கையால் திருத்தலாம்.

பல பாகங்களாக உள்ள நூல்களுக்குத் தொடர் எண் உதவும். கே. ஆர். வெங்கடராம ஐயர் பதிப்பித்த, ஆங்கிலத்தில் அமைந்த புதுக்கோட்டை சமஸ்தானக் கையேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் தொகுதியே இரு பகுதிகளாக உள்ளது. தொடர் எண்ணில் புள்ளி வைக்கலாம் என்பதால் 1, 2.1, 2.2 என்று கொடுத்தால் வரிசை குலையாது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, கல்வெட்டு போன்றவற்றைக் குறிச்சொற்களாக இடலாம்.

கருவிக்கு மாற்றுதல்

கோபோ படிப்பானில் இது எளிது. கருவியை இணைத்து, காலிபரில் அதற்கான அமைப்பில் தொகுப்பு உருவாக்கத்தை இயக்கி, எந்த நிரலிலிருந்து தொகுப்பு அமைய வேண்டும் எனக் குறிப்பிட வேண்டும். குறிச்சொல் நிரலைக் கொடுத்தால் ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு தொகுப்பாகிவிடும். ஒரே நூலுள்ள தொகுப்புகள் ஐம்பது அறுபது சேர்ந்தால் யாருக்கும் பயனில்லை. தொகுப்புக்கென்றே தனி நிரல் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுப்பது மேல். நூல்களுக்கான விவரங்களைப் புதுப்பிக்கும் முறையைத் 'தானியங்கி' என வைத்தால், பின்னர் கணினியில் செய்யும் மாற்றங்கள் அடுத்த இணைப்பின்போது கருவிக்கும் செல்லும்.

கிண்டிலில் நிலைமை வேறு. பழைய கிண்டில்கள் தொகுப்புகளைத் தனிக் கோப்பில் வைத்திருந்ததால் கணினியிலிருந்தே அவற்றை மாற்ற முடிந்தது. 2011-இல் வந்த கிண்டில் டச் முதல் அவை கருவியின் உள் தரவுத்தளத்துக்குச் சென்றுவிட்டன. காலிபரால் அதை எட்ட முடியாது. யூஎஸ்பி வழியாக ஏற்றிய நூல்களைக் கருவியிலேயே தொகுக்க வேண்டும். 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பிய நூல்களை மட்டும் அமேசான் கணக்கின் உள்ளடக்க மேலாண்மைப் பக்கத்தில், கணினியிலேயே தொகுப்புகளில் சேர்க்கலாம். இச்சேவை 2022 முதல் ஈபப் கோப்புகளையும் ஏற்கிறது.

காலிபர் தன் நூலகக் கோப்புறையில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்துக்கு மாற்றியே சேமிக்கும். விந்தையான எழுத்துக்கூட்டலைக் கண்டு அக்கோப்புறைகளுக்கு நேரடியாகப் பெயர் மாற்றக் கூடாது. மாற்றினால் மென்பொருளால் நூலைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.